பிரிக்க வழி விடுங்கள்: வீட்டுப் பொருள்களை வடிவமைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் மூடிக்கும் வடிவம் தருகிறவர்களே, எந்தப் பசை, எந்தத் திருகாணி, எந்த லேபிள் என்று முடிவு சொல்கிறவர்களே,

வணக்கம்.

குப்பையைப் பற்றிய அறிவுரையெல்லாம் வீட்டில் இருப்பவர்களுக்கே வருகிறது. கழுவிக் காயவைத்துப் போடுங்கள், வகை பிரித்துத் தொட்டியில் இடுங்கள், தூக்கி எறியும் முன் இன்னொரு முறை யோசியுங்கள். நல்ல அறிவுரைதான். எங்களில் பலர் அதன்படி நடக்கவும் செய்கிறோம். ஆனால் கையில் ஒரு பொருளை வைத்துக்கொண்டு, கழற்றவும் முடியாமல், கழுவவும் முடியாமல், எதோடு சேர்ப்பதென்றும் தெரியாமல் நிற்கும்போது எங்களிடம் விடை இல்லை. விடை உங்கள் மேசையில் இருக்கிறது. அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு வீட்டுப் பொருள் இன்னொரு முறை பயன்படுமா, பழுது பார்க்கப்படுமா, உருகி வேறொன்றாக ஆகுமா என்பது அது எங்கள் வாசலுக்கு வரும் முன்பே முடிவாகிவிடுகிறது. நீங்கள் அதன் பாகங்களை எப்படிச் சேர்க்கிறீர்கள் என்பதில்தான் அது முடிவாகிறது. சேர்ப்பதற்கு எவ்வளவு யோசிக்கிறீர்களோ, பிரிப்பதற்கும் அவ்வளவு யோசியுங்கள்.

குளியலறையில் இருக்கும் திரவ சோப்பு பாட்டிலையே எடுத்துக்கொள்வோம். பாட்டில் பெரும்பாலும் ஒரே வகைப் பிளாஸ்டிக். தனியாகக் கிடைத்தால் மறுசுழற்சி செய்பவர் விரும்பி வாங்குவார். சிக்கல் அதன் தலையில் உள்ள பம்ப்பில் இருக்கிறது. மேலே ஒரு பிளாஸ்டிக், உள்ளே இறங்கும் குழாய் வேறொரு பிளாஸ்டிக், நடுவில் எஃகு ஸ்பிரிங், சிலவற்றில் ஒரு சிறு கண்ணாடிக் குண்டும் உண்டு. இத்தனையும் கையால் திறக்க முடியாதபடி அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கின்றன. விரல் நகத்தளவு ஸ்பிரிங்குக்காக முழுப் பம்ப்பும் குப்பைக்குப் போகிறது. ஸ்பிரிங்கையும் பிளாஸ்டிக்கிலேயே செய்த பம்ப்புகள் இப்போது வந்துவிட்டன என்பது உங்களுக்குத் தெரியும். அதைவிட எளிய வழியும் இருக்கிறது. பாட்டில் காலியாகும்போது பம்ப் நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்கிறது. அடுத்த பாட்டிலைச் சாதாரண மூடியோடு விற்றால், பழைய பம்ப்பையே மாற்றிப் போட்டுக்கொள்வோம். இதற்கு வேண்டியதெல்லாம் பாட்டிலின் கழுத்தும் மரையும் ஒத்துப்போவதுதான். 24 மி.மீ., 28 மி.மீ. என்று கழுத்துக்கான பொது அளவுகள் உங்கள் தொழிலில் ஏற்கெனவே இருக்கின்றன. இருந்தும் ஒரு நிறுவனத்தின் பம்ப் இன்னொரு நிறுவனத்தின் பாட்டிலில் அரைச் சுற்றோடு நின்றுவிடுவது ஏன்? சில நேரம் ஒரே நிறுவனத்தின் இரண்டு பாட்டில்களுக்குள்ளேயே இந்தப் பொருத்தமின்மை இருக்கிறது.

பொருள்கள் பல வகையாகக் கலந்திருப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள். பாட்டில் பெட் எனப்படும் பிளாஸ்டிக். மூடி பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். இரண்டும் வெவ்வேறு. ஆனாலும் மறுசுழற்சி ஆலையில் பெரிய தொல்லை இல்லை. இரண்டையும் சேர்த்து நொறுக்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் பெட் மூழ்கும், மூடித் துண்டுகள் மிதக்கும். தண்ணீரே பிரித்துக் கொடுத்துவிடுகிறது. அதே பாட்டிலுக்கு பி.வி.சி. உறையைச் சுற்றிவிட்டால் கதை மாறுகிறது. பி.வி.சி.யும் பெட்டும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி. இரண்டும் சேர்ந்தே மூழ்கும். பெட்டை உருக்கும் வெப்பத்தில் பி.வி.சி. சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடை வெளிவிடுகிறது; மிகச் சிறிய அளவு கலந்தாலே உருக்கிய பெட் மஞ்சளாகி வலுவிழக்கிறது. ஆக, இரண்டு பொருள் சேர்ந்திருப்பதால் கெடுவதில்லை. பிரிய வழியில்லாமல் சேர்ந்திருப்பதால்தான் கெடுகிறது.

இந்தக் கணக்கு உங்கள் பொறியாளர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் பாட்டிலின் தோற்றத்தை முடிவு செய்யும் கூட்டத்தில் அவர்கள் குரல் கேட்கப்படுகிறதா என்பதுதான் என் ஐயம். கழுத்திலிருந்து அடி வரை படம் அச்சிட்ட உறை அலமாரியில் அழகாகத் தெரியும். ஆலையில் பிளாஸ்டிக்கை வகை பிரிக்கும் கருவியோ அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை வைத்தே இன்ன வகை என்று கண்டுகொள்கிறது. முழு உடலையும் உறை மூடியிருந்தால் அது பார்ப்பது உறையைத்தான், பாட்டிலை இல்லை. கறுப்பு நிறம் இன்னும் மோசம். கரித்தூள் சேர்த்த கறுப்புப் பிளாஸ்டிக் அந்த ஒளியை விழுங்கிவிடுகிறது. கருவிக்கு அங்கே ஒரு பொருள் இருப்பதே தெரிவதில்லை. உணவு விற்கும் கறுப்புத் தட்டுகள் எத்தனை கவனமாகக் கழுவிப் போட்டாலும் எரிப்பதற்கோ புதைப்பதற்கோ போவதற்கு இது முக்கியக் காரணம். கரித்தூள் இல்லாமலே கறுப்பாகத் தெரியும் நிறமிகள் இருக்கின்றன. நிறமே சேர்க்காமல் விட்டால் இன்னும் நல்லது. நிறமில்லாத பெட் மறுபடி எந்த நிறத்துக்கும் போகலாம். பல நிறங்கள் கலந்தது மங்கிய சாம்பலாகவே முடியும், அதை வாங்குவாரும் குறைவு.

இனி பிளாஸ்டிக் பொருள்களின் அடியில் பொறித்திருக்கும் அந்த அம்பு முக்கோணத்தைப் பற்றி. இதைப் பற்றி எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகளை 1970-இல் வரைந்தவர் கேரி ஆண்டர்சன் என்ற மாணவர். அப்போது தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். காகித அட்டை செய்யும் ஒரு நிறுவனம் நடத்திய போட்டிக்காக வரைந்த குறி அது. பிறகு 1988-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில்துறை அந்த அம்புகளுக்குள் 1 முதல் 7 வரை எண்களை வைத்தது. எண் சொல்வது பிளாஸ்டிக்கின் வகையை மட்டுமே. இந்தப் பொருளை மறுசுழற்சி செய்ய முடியும் என்றோ, செய்கிறார்கள் என்றோ அது சொல்லவில்லை. ஆனால் உலகெங்கும் வீடுகளில் அதை எப்படிப் படிக்கிறார்கள்? அம்பு இருக்கிறது, ஆகவே இது மறுசுழற்சிக்குப் போகும் என்றுதான். 2013-இல் அந்தக் குறிக்கான தரநிலையைத் திருத்தி அம்புகளுக்குப் பதிலாக வெறும் முக்கோணத்தை வைத்தார்கள். 2021-இல் கலிஃபோர்னியா, உண்மையில் மறுசுழற்சி ஆகாத பொருளில் அம்புக்குறி போடுவதைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. இருந்தும் பழைய வார்ப்பு அச்சுகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அம்புகள் இன்னும் எங்கள் வீட்டுக்கு வருகின்றன.

அம்பை நம்பிக் கழுவிக் காயவைத்துச் சேர்த்து வைத்தவர், அது கடைசியில் குழிக்குத்தான் போகிறது என்று அறியும்போது மனம் விட்டுப்போகிறார். அடுத்த முறை நல்ல பாட்டிலையும் அவர் கழுவ மாட்டார். ஒரு பொய்க் குறி ஒரு பொருளை மட்டும் வீணாக்குவதில்லை, பிரித்துப் போடும் பழக்கத்தையே கெடுக்கிறது. 2017-இல் மூன்று ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு பலமுறை மேற்கோள் காட்டப்பட்டது: 2015 வரை உலகம் செய்த பிளாஸ்டிக் 830 கோடி டன், அதில் கழிவானது சுமார் 630 கோடி டன், அந்தக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது ஏறத்தாழ 9 விழுக்காடு. எஞ்சியதில் கொஞ்சம் எரிந்தது, பெரும்பகுதி நிலத்திலும் நீரிலும் கிடக்கிறது. இதற்கு வீட்டார் அக்கறையின்மை மட்டும் காரணமாக முடியாது. ‘மற்ற வகைகள்’ எல்லாவற்றுக்கும் பொதுவான எண் 7 அச்சிட்ட பொருளை நாங்கள் எத்தனை அக்கறையோடு கழுவினாலும் அது பெரும்பாலும் எதுவாகவும் மாறப்போவதில்லை.

குறியை வையுங்கள், ஆனால் எங்களுக்குப் பயன்படும்படி வையுங்கள். எதை எதிலிருந்து கழற்ற வேண்டும், கழற்றியது எந்த வகை என்று பொருளின் மேலேயே, தேய்ந்து போகாதபடி அச்சிலேயே பொறித்துவிடுங்கள். மறுசுழற்சி ஆகாது என்றால் ஆகாது என்று எழுதுங்கள். அந்த நேர்மையை நாங்கள் மதிப்போம். ‘மக்கும்’ என்று எழுதுவதானால் எங்கே மக்கும் என்பதையும் எழுதுங்கள். சோளம் போன்றவற்றின் மாவுச்சத்திலிருந்து செய்யும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக், 60 டிகிரியை ஒட்டிய வெப்பம் நிலைக்கும் தொழிற்கூட உரக் கிடங்கில்தான் முறையாக மக்கும். கொல்லைப்புறக் குழியில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். பார்ப்பதற்கு பெட் போலவே இருப்பதால் அதோடு கலந்து அதையும் கெடுக்கும்.

உருக்குவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். உருக்குவது கடைசிப் படி. அதற்கு முன்னால் மறுபடி பயன்படுத்துவது இருக்கிறது. அதில் செலவாவது கொஞ்சம் தண்ணீரும் கொஞ்சம் நேரமும்தான். கண்ணாடியை எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாது என்பது உண்மையே. ஆனால் அந்த உலை 1500 டிகிரியில் எரிய வேண்டும். அலுமினியத்தைத் தாதுவிலிருந்து எடுப்பதை விடப் பழையதை உருக்கினால் 95 விழுக்காடு வரை ஆற்றல் மிச்சம். அந்த 5 விழுக்காடும் வேண்டியதில்லை, டப்பா டப்பாவாகவே இருந்தால். காகிதத்தின் நார் ஐந்து முதல் ஏழு சுற்றுக்குள் குட்டையாகி உதிர்ந்துவிடும். ஓர் அட்டைப் பெட்டியை இன்னும் சில முறை பெட்டியாகவே பயன்படுத்தினால் அந்தச் சுற்றுகள் தள்ளிப்போகும்.

வீடுகளில் இது இயல்பாக நடப்பதுதான். வாய் அகன்ற கண்ணாடி ஜாடியை எந்த வீட்டிலும் யாரும் மனமொப்பி எறிவதில்லை. திருகி மூடும் கண்ணாடி ஜாடிக்கு ஜான் லாண்டிஸ் மேசன் 1858-இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயர் தாங்கிய ஜாடிகள் இன்றும் பெரும்பாலும் இரண்டே வாய் அளவுகளில் வருகின்றன. பாட்டி வாங்கிய ஜாடிக்குப் பேத்தி புது மூடி வாங்கிப் போட முடிகிறது. மூடி துருப்பிடிக்கும், அதன் ரப்பர் தளரும். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. எது முதலில் தேயுமோ அதை மட்டும் தனியே மாற்றும்படி செய்தார்கள், அவ்வளவுதான். பிரஷர் குக்கரும் அப்படியே. கேஸ்கெட்டும் பாதுகாப்பு வால்வும் தேய்ந்தால் அவற்றை மட்டும் மாற்றுகிறோம். பாத்திரம் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அதன் பேக்லைட் கைப்பிடியைப் பாருங்கள். பேக்லைட் ஒருமுறை இறுகிவிட்டால் மறுபடி உருகாத வகை, மறுசுழற்சிக்குப் பயன்படாது. ஆனால் அது திருகாணியால் பிடிக்கப்பட்டிருக்கிறது. கழற்றினால் கைப்பிடி தனி, உலோகம் தனி. மறுசுழற்சி ஆகாத ஒரு பாகம், ஆகும் பாகத்தை இழுத்துக்கொண்டு குழிக்குள் போகாமல் காப்பது இரண்டு திருகாணிகள்தான். இந்தக் கைப்பிடியை எனக்கு மிகவும் பிடிக்கும். நல்ல வடிவமைப்பு என்று கேட்டால் முதலில் இதைத்தான் காட்டுவேன்.

நீங்கள் இன்று தரும் ஜாடிகளில் எது எங்களைத் தடுக்கிறது? முதல் தடை லேபிள். வெந்நீரில் ஊறவைத்தாலும் காகிதம் உரிந்து பசை மட்டும் பிசுபிசுவென்று தங்கிவிடுகிறது. எண்ணெய் தேய்த்துச் சோடா உப்பு போட்டுச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. திரும்பப் பெற்றுக் கழுவி மறுபடி நிரப்பும் கண்ணாடி பாட்டில்களில் பால் புரதமான கேசீனில் செய்த பசையை நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள்; கழுவும்போது லேபிள் தானாகக் கழன்றுவிடும். அந்தப் பசையை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, வாங்கினால் போதும். இரண்டாவது தடை உருவம். தோள் குறுகி, உள்ளே மடிப்பு வைத்து, கை நுழையாத வாயோடு செய்த ஜாடியைக் கழுவ முடியாது. கழுவ முடியாததில் எதையும் போட்டு வைக்க முடியாது. மூன்றாவது, தகவல் இல்லாமை. எந்தப் பிளாஸ்டிக் டப்பாவில் சூடான உணவு வைக்கலாம், எதில் கூடாது, எது ஒருமுறைப் பயன்பாட்டுக்கு மட்டுமே என்று வீட்டில் எப்படித் தெரியும்? பூச்சிமருந்தோ பெயின்ட்டோ இருந்த கொள்கலனில் குடிநீர் பிடித்து வைக்கும் ஆபத்து உலகின் பல வீடுகளில் இருக்கிறது. உணவுக்கான டப்பாவும் நஞ்சுக்கான டப்பாவும் தொட்டாலே வேறு வேறென்று தெரியும்படி உருவத்தில் மாறியிருக்க வேண்டும். மறுபயன்பாட்டை ஊக்குவிப்பது உங்கள் கடமை என்றால், தவறான மறுபயன்பாட்டைத் தடுப்பதும் உங்கள் கடமைதான்.

துணியைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. பருத்தியும் பாலியெஸ்டரும் இழையிலேயே கலந்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு. நெகிழ்வுக்காகச் சேர்க்கும் எலாஸ்டேன் சிறிதளவே இருந்தாலும் பழைய துணியை மறுபடி நூலாக்குவது கடினமாகிவிடுகிறது. எங்கே நெகிழ்வு உண்மையில் தேவையோ அங்கே மட்டும் சேருங்கள்.

பழுது பார்ப்பதற்கு வருகிறேன். மின்சாரக் கெட்டில், மேசை விளக்கு, மின் பல்துலக்கி, குழந்தையின் பாட்டுப் பாடும் பொம்மை, இவற்றில் எதைத் திறந்தாலும் கெட்டுப்போனது பெரும்பாலும் ஒரு சிறு பாகம்: ஒரு சுவிட்ச், ஒரு வயர் இணைப்பு, ஒரு பேட்டரி. ஆனால் திறக்க முடிந்தால்தானே? ஒட்டி மூடிய உறை, மூன்று முனைத் தலையும் ஐந்து இதழ்த் தலையும் கொண்ட திருகாணிகள், உடைந்தால்தான் கழலும் கொக்கிகள். திருகாணிக்குப் பொது மரை வேண்டும் என்று ஜோசப் விட்வொர்த் முன்மொழிந்தது 1841-இல். ஒரு பட்டறையில் செய்த திருகாணி இன்னொரு பட்டறையின் துளையில் பொருந்த வேண்டும் என்ற எளிய எண்ணம் தொழில் உலகையே மாற்றியது. இத்தனை ஆண்டு கழித்து, வேண்டுமென்றே பொருந்தாத தலைகளைச் செய்துகொண்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மின்விளக்கின் வரலாற்றில் நல்லதும் கெட்டதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. எடிசன் பெயரில் வழங்கும் திருகு அடி, 27 மி.மீ. அகலம் கொண்டது, நூறாண்டுக்கு மேலாக மாறவில்லை. எந்த நிறுவனத்தின் பல்பும் அந்தத் தாங்கியில் பொருந்தும். இழை விளக்கு போய், சி.எஃப்.எல். எனும் சிறு குழல் விளக்கு வந்து, எல்.இ.டி. வந்த பிறகும் பழைய தாங்கிகள் எறியப்படவில்லை. அதே பல்பைச் செய்த பெரிய நிறுவனங்கள் 1924-இல் ஜெனீவாவில் கூடி ஃபீபஸ் என்ற கூட்டணி அமைத்து, பல்பின் ஆயுளை 1000 மணி நேரத்துக்குள் நிறுத்தின. அதைவிடக் கூடுதலாக எரியும் பல்பைச் செய்த உறுப்பினருக்குத் தண்டம் விதித்தன. பொருத்தமும் பொறியியல்தான், ஆயுளைக் குறைத்ததும் பொறியியல்தான். இரண்டுக்குமே யாரோ ஒருவர் வரைபடம் வரைந்திருக்கிறார். இப்போது எல்.இ.டி.யைத் தாங்கியோடு சேர்த்தே மூடி வரும் விளக்குகள் பெருகுகின்றன. ஒரு சிறு மின்சுற்று கெட்டால் உலோகச் சட்டம், கண்ணாடிக் கவிகை, எல்லாமே போகின்றன. நூறாண்டு நீடித்த ஒரு நல்ல ஏற்பாட்டை நம் கண் முன்னே கலைக்கிறீர்கள்.

பேட்டரியில் இது ஆபத்தாகவே மாறுகிறது. லித்தியம் பேட்டரியைப் பொருளுக்குள் ஒட்டி மூடிவிட்டால், அந்தப் பொருள் கெட்டதும் பேட்டரியோடு சேர்ந்தே குப்பைக்குப் போகிறது. குப்பை வண்டியில் நசுங்கும்போது உள்ளே மின்குறுக்கு (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டுத் தீப்பிடிக்கிறது. வண்டியில் போகிறவரும் கிடங்கில் பிரிக்கிறவரும்தான் அந்தத் தீயை எதிர்கொள்கிறார்கள். கழற்ற முடிந்தால் நாங்கள் கழற்றித் தனியே கொடுப்போமே. 2022-இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்று ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 விழுக்காடு மட்டுமே. செம்பும் தங்கமும் கோபால்ட்டும் ஒட்டிய உறைகளுக்குள்ளேயே மண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

நீங்கள் என்ன மறுமொழி சொல்வீர்கள் என்று ஓரளவு தெரியும். ஒட்டினால்தான் தண்ணீர் புகாது, திருகாணி வைத்தால் தடிமன் கூடும், குழந்தைகள் திறந்துவிடுவார்கள், செலவு ஏறும். தண்ணீரைப் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் கைக்கடிகாரங்கள் ரப்பர் வளையத்தையும் திருகு மூடியையும் வைத்தே கடலுக்கடியில் போய் வருகின்றன. குழந்தைப் பாதுகாப்புக்கு விடை திருகாணிதான். பேட்டரி மூடிக்குத் திருகாணி வைத்த பொம்மைகளை நீங்களே செய்கிறீர்கள். தடிமன் கூடட்டும். செலவு ஏறும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தச் செலவு இப்போது இல்லாமல் இல்லை. அதை ஊர்ப் பொதுப்பணமும், குப்பை பிரிக்கும் கைகளும், பக்கத்தில் குடியிருப்பவர்களின் நுரையீரலும் தாங்குகின்றன. விலையில் சேர்த்துக் காட்டுங்கள். நீடிக்கும் பொருளென்று தெரிந்தால் கூடுதலாகக் கொடுக்க ஆயத்தமாக இருப்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

செய்ய முடியாத எதையும் நான் கேட்கவில்லை. நீங்கள் செய்து காட்டியவற்றிலிருந்தே கேட்கிறேன். அலுமினிய கேனின் வளையம் ஒரு காலத்தில் கழன்று வந்தது. கடற்கரை மணலில் கிடந்து காலைக் கிழித்தது. 1970-களின் நடுவில் டேனியல் கட்ஸிக் என்ற பொறியாளர், திறந்த பிறகும் கேனோடு ஒட்டியே இருக்கும் தாழ்ப்பாளை வடிவமைத்தார். அன்றிலிருந்து அந்தச் சிறு அலுமினியத் துண்டும் கேனோடு சேர்ந்தே உலைக்குப் போகிறது. வளையத்தைப் பொறுக்கிப் போடும்படி மக்களைக் கெஞ்ச வேண்டிய தேவையே இல்லாமல் போனது. வடிவம் மாறியது, குப்பை நின்றது. இதே எண்ணத்தில்தான் 2024 ஜூலை 3 முதல் ஐரோப்பிய ஒன்றியம், 3 லிட்டர் வரையிலான பான பாட்டில்களின் பிளாஸ்டிக் மூடி பாட்டிலோடு இணைந்தே இருக்க வேண்டும் என்று விதித்தது. பற்பசை டியூப் பல அடுக்குப் படலங்களால் ஆனது, மறுசுழற்சி ஆகவே ஆகாது என்று நெடுநாள் சொல்லப்பட்டது. கோல்கேட் நிறுவனம் அமெரிக்காவில் பால் பாட்டில் செய்யும் எச்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக் வகையிலேயே பிதுக்கக்கூடிய டியூப்பை உருவாக்கி, 2019-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் மறுசுழற்சியாளர் சங்கத்தின் ஏற்பைப் பெற்றது. அந்த நுட்பத்தைப் போட்டி நிறுவனங்களுக்கும் திறந்து விட்டது. இப்படிப்பட்ட செய்தி வரும்போது எங்களுக்கு வரும் மகிழ்ச்சியை நீங்கள் அறிய வேண்டும்.

சட்டம் சொன்னபோது உங்களால் செய்ய முடிந்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு சார்ஜர் என்ற நிலை மாறி, ஐரோப்பாவில் 2024 டிசம்பர் முதல் புதிய கைப்பேசிகளுக்கு யூ.எஸ்.பி.-சி பொது வாயாகிவிட்டது. 2021 மார்ச் முதல் அங்கே விற்கும் துணி துவைக்கும் இயந்திரங்களுக்குக் குறிப்பிட்ட உதிரிப் பாகங்கள் 10 ஆண்டுகளும் குளிர்சாதனப் பெட்டிகளுக்கு 7 ஆண்டுகளும் கிடைக்க வேண்டும். பிரான்சில் அதே ஆண்டு முதல் சில மின்கருவிகளில் பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று 10-க்கு மதிப்பெண் போட்டு விற்கிறார்கள். 2027 பிப்ரவரி 18 முதல் ஐரோப்பாவில் விற்கும் கையடக்கக் கருவிகளின் பேட்டரியை, சில விலக்குகள் தவிர, வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். ஓரிடத்தில் விற்பதற்காக இதையெல்லாம் செய்கிறவர்கள், சட்டம் இல்லாத இடங்களுக்கு ஒட்டி மூடியதை அனுப்பாதீர்கள். அங்கேயும் வீடுகள் இருக்கின்றன. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

எங்கள் பங்கையும் சொல்லிவிடுகிறேன். கழற்றும்படி செய்து தந்தால் கழற்றுகிறோம். கழுவும்படி செய்து தந்தால் கழுவுகிறோம். 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பெண்மணி தொடங்கிய பழுதுபார்க்கும் கூடங்கள் இன்று பல நாடுகளில் பரவியிருக்கின்றன. தெரிந்தவர்கள் ஊதியம் வாங்காமல் வந்து, தெரியாதவர்களோடு உட்கார்ந்து, கெட்ட விளக்கையும் கிழிந்த சட்டையையும் சரிசெய்கிறார்கள். மக்களிடம் மனம் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அவர்களுக்குத் தேவை ஓர் உதிரிப் பாகமும், உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் ஒரு பக்கப் படமும். அந்தப் படத்தை ஒளித்து வைக்காதீர்கள்.

அடுத்த மாதிரி உங்கள் மேசைக்கு வரும்போது ஒரு சோதனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழே போட்டுப் பார்க்கிறீர்கள், சூடேற்றிப் பார்க்கிறீர்கள், நனைத்துப் பார்க்கிறீர்கள். அதோடு பிரித்தும் பாருங்கள். அதை வரையாத ஒருவரிடம் சாதாரணத் திருப்புளியையும் ஒரு பாத்திரம் வெந்நீரையும் கொடுத்து, பொருள் வகைவாரியாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். கை எங்கே நிற்கிறதோ அங்கே மாற்றி வரையுங்கள். பிரித்ததை அவரே மறுபடி சேர்க்கட்டும். சேர்த்த பிறகும் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

இந்தச் சோதனைக்கு யாரை அழைப்பது என்று கேட்டால், குப்பை பிரிப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்களை அழையுங்கள். ஒரு பாட்டிலைத் தட்டிப் பார்த்தே எந்தப் பிளாஸ்டிக் என்று சொல்பவர்கள் அவர்கள். எந்த நிறுவனத்தின் மூடி கழலும், எது கழலாது, எந்த உறையைக் கிழிக்கப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது, எதைத் தொட்டால் கை வெட்டுப்படும் என்பதெல்லாம் அவர்களுக்கு நாள்தோறும் தெரிகிறது. அந்த அறிவு உங்கள் கூட்டத்துக்கு ஒருபோதும் வந்து சேர்வதில்லை. ஆலோசகருக்குக் கொடுக்கும் கட்டணத்தை அவர்களுக்கும் கொடுங்கள், நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், அவர்கள் சொல்வதை வரைபடத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அச்சு வெட்டுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். வெட்டிய பிறகு மாற்ற எவ்வளவு ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

அன்புடன்,
நீங்கள் செய்யும் பொருள்களோடு நாள்தோறும் வாழும் ஒருவர்